பதினாறாம் நாளுக்குப் பிறகு

“காலம் ஆற்றும், மனசைத் தேத்திக்கோங்க” என்று துக்க வீட்டில் சொல்லிவிட்டு வருகிறோம். பெரும்பாலோர் விஷயத்தில் அது பொய்யாவதில்லை. நெருங்கிய ஒருவரைப் பறிகொடுத்தவர்களில் மிகப் பலர், எந்த மருத்துவரையும் ஆலோசகரையும் பார்க்காமலேயே, ஓராண்டு ஒன்றரை ஆண்டுக்குள் தட்டுத்தடுமாறி எழுந்து நடமாடத் தொடங்கிவிடுகிறார்கள். போனவரின் நினைவு போவதில்லை. ஆனால் சாப்பாடு இறங்குகிறது, வேலை ஓடுகிறது, நல்லது கெட்டதற்குப் போய்வர முடிகிறது. சிலருக்கு மட்டும் அது நடப்பதில்லை. பல ஆய்வுகளைச் சேர்த்து அலசி 2017இல் வெளியான ஒரு தொகுப்பாய்வு, நோய், முதுமை போன்ற காரணங்களால் உறவினரை இழந்த பெரியவர்களில் ஏறத்தாழப் பத்தில் ஒருவருக்குத் துக்கம் தணியாமல் அப்படியே தங்கிவிடுகிறது என்று கணக்கிட்டது. விபத்து, கொலை, தற்கொலை என்று திடீரென நேரும் சாவுகளில் இந்தப் பங்கு இன்னும் கூடுதல். அழுகிற எல்லாரையும் கவுன்சலிங்குக்கு அனுப்புவது வீண் வேலை. அந்தப் பத்தாவது ஆளிடமும் காலம் ஆற்றும் என்றே சொல்லிக்கொண்டிருப்பது அநியாயம். நம் ஊரில் அதிகம் நடப்பது இரண்டாவதுதான்.

துக்கத்துக்கு ஐந்து படிகள் உண்டு, மறுப்பு, கோபம், பேரம், மனச்சோர்வு, ஏற்பு என்று ஒவ்வொன்றாகக் கடந்துதான் கரையேற வேண்டும் என்று பத்திரிகைகளிலும் வாட்ஸ்அப்பிலும் படித்திருப்பீர்கள். சுவிட்சர்லாந்தில் பிறந்து அமெரிக்காவில் பணியாற்றிய மனநல மருத்துவர் எலிசபெத் கூப்ளர்-ராஸ் 1969இல் எழுதிய நூலில் இருந்து கிளம்பிய கருத்து அது. சிகாகோவில் சாவை எதிர்நோக்கியிருந்த நோயாளிகளிடம் பேசி அவர் அந்த நூலை எழுதினார். செத்துக்கொண்டிருப்பவர் மனத்தைப் பற்றிய நூல் அது. அவரை இழந்து நிற்பவர் மனத்தைப் பற்றியது அல்ல. பின்னாளில் அதை எல்லா இழப்புக்கும் நீட்டினார்கள், அவரும் அதற்கு இசைந்தார். ஆனால் இழந்தவர்களைத் தொடர்ந்து கவனித்த ஆய்வுகளில் எல்லாரும் இந்த வரிசைப்படி படியேறியதாகத் தெரியவில்லை. கொலம்பியா பல்கலைக்கழகத்தின் ஜார்ஜ் பொனானோ, வாழ்க்கைத் துணையை இழந்தவர்களை ஆராய்ந்தபோது, கணிசமானோர் தொடக்கத்தில் இருந்தே பெரிதாக நிலைகுலையவில்லை என்று கண்டார். “அழவே மாட்டேங்கிறா, உள்ளேயே அமுக்கி வெச்சிருக்கா, பின்னால வெடிக்கும்” என்று நாம் பயப்படும் அந்தப் பின்னால் வெடிப்பதும் அபூர்வம்தான். நெதர்லாந்தின் மார்கரெட் ஸ்ட்ரோப், ஹெங்க் ஷூட் இருவரும் 1999இல் முன்வைத்த விளக்கம் எனக்கு அந்த ஐந்து படிகளைவிட நம்பத்தகுந்ததாகப் படுகிறது. துக்கப்படுபவர் இரண்டு வேலைகளுக்கு நடுவே ஊசலாடுகிறார் என்கிறார்கள் அவர்கள். ஒரு பொழுது இழப்பை நினைத்து உருகுவது. இன்னொரு பொழுது வாரிசுச் சான்றிதழுக்குத் தாலுகா ஆபீஸில் நிற்பது, பிள்ளையின் பள்ளிக்கட்டணத்துக்கு வழி பார்ப்பது, டிவியில் வந்த நகைச்சுவைக்குத் தன்னை மறந்து சிரிப்பது. இப்படி மாறி மாறிப் போய்வர முடிகிறவரை அந்தத் துக்கம் தன் வேலையைச் சரியாகத்தான் செய்துகொண்டிருக்கிறது. சிரித்ததற்காக அவரைக் கோணலாகப் பார்க்க வேண்டியதில்லை.

நம் சடங்குகளை இந்தக் கண்ணோடு பார்த்தால் அவற்றின் கெட்டிக்காரத்தனம் புரியும். போனவரின் பெருமை, அவர்மேல் இருந்த மனத்தாங்கல், இனி என்ன செய்வேன் என்ற திகில் எல்லாவற்றையும் ஊர் நடுவே உரக்கச் சொல்ல ஒப்பாரி இடம் கொடுத்தது. அடுப்பு மூட்டாத வீட்டுக்குச் சொந்தக்காரர்கள் சோறு கொண்டுவந்தார்கள். பால் தெளிப்பு, பதினாறாம் நாள் கருமாதி, முதல் பொங்கல், முதல் தீபாவளி, வருஷத் திதி. யாழ்ப்பாணத்தில் எட்டுச்செலவு, அந்தியேட்டி, முப்பத்தொன்று. கிறித்தவர்களுக்கு நவம்பர் 2 கல்லறைத் திருநாள். இஸ்லாமியக் கைம்பெண்ணுக்கு நான்கு மாதம் பத்து நாள் இத்தா. அழுவதற்கு நாள் குறித்து, அழுது முடித்து எழுந்து போவதற்கும் நாள் குறித்த ஏற்பாடு இது. இறந்தவரோடு இருக்கும் பந்தத்தை அறுத்துக்கொண்டால்தான் துக்கம் தீரும் என்று சிக்மண்ட் ஃப்ராய்டு 1917இல் எழுதியது மேற்கத்திய உளவியலில் நெடுங்காலம் செல்வாக்கோடு இருந்தது. அறுக்க வேண்டியதில்லை, பந்தத்தை வேறு வடிவத்தில் வைத்துக்கொண்டே வாழலாம் என்று டென்னிஸ் கிளாஸ் முதலிய அமெரிக்க ஆய்வாளர்கள் தனி நூலாகவே எழுதியது 1996இல். அமாவாசைக்கு அமாவாசை அப்பாவின் படத்துக்கு முன்னால் இலை போடுகிற வீடுகளுக்கு அதை யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை.

அதற்காக இந்த ஏற்பாட்டைக் கண்ணை மூடிக்கொண்டு கொண்டாட என்னால் முடியவில்லை. கணவனை இழந்தவளைக் கூட்டத்தின் நடுவே உட்காரவைத்து, பூவையும் வளையலையும் தாலியையும் களைகிற சடங்கு யாருடைய துக்கத்தையும் ஆற்றியிருக்க முடியாது. கருவிலேயே கலைந்த பிள்ளைக்குச் சடங்கு கிடையாது, விசாரிக்க வருபவரும் கிடையாது. “அடுத்தது பொறக்கும்” என்ற ஒற்றை வாக்கியத்தோடு சரி. தற்கொலையில் ஒருவரை இழந்த வீட்டுக்கு முதலில் வருவது போலீஸ் விசாரணை, பிறகு பிரேதப் பரிசோதனை, அதன்பின் தெருவின் கிசுகிசு. தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்கில் 2022இல் மட்டும் தமிழ்நாட்டில் 19,834 பேர் தற்கொலையால் இறந்தார்கள். மகாராஷ்டிரத்துக்கு அடுத்த எண்ணிக்கை இது. அந்தக் குடும்பங்களில் பலவும் வாய்விட்டு அழவும் கூசித்தான் துக்கம் அனுசரித்திருக்கும். 2020, 2021 கொரோனா நாட்களில் கட்டிப் பொதிந்த உடலை எட்டி நின்று பார்த்தவர்களும், அதுவும் வாய்க்காதவர்களும் உண்டு. எல்லாம் முறைப்படி நடக்கும் வீடுகளிலும் சடங்கு இப்போது சுருங்கிவிட்டது. லீவு இல்லை என்று மூன்றாம் நாளே எல்லாக் காரியத்தையும் முடித்துவிட்டு ஆளாளுக்குப் பஸ் ஏறிவிடுகிறார்கள். அதன்பின் அந்த வீட்டில் நடப்பதைப் பார்க்க ஆள் இல்லை.

அங்கே சிலரிடம் நடப்பது என்ன? மாதங்கள் ஓடியும் நாள் தவறாமல், நாளின் பெரும்பகுதி, போனவரைத் தேடித் தவிக்கிறார்கள். செய்தி வந்த முதல் மணி நேரத்தின் அதிர்ச்சி அப்படியே இருக்கிறது. போனதை மனம் நம்ப மறுக்கிறது. “ஒரு மணி நேரம் முன்னாடி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போயிருந்தா” என்ற ஒரே கணக்கைத் திரும்பத் திரும்பப் போட்டுப்பார்க்கிறார்கள். சிலர் இறந்தவரின் அறையைத் திறப்பதில்லை, அந்த ஆஸ்பத்திரி இருக்கும் சாலையில் போவதில்லை; சிலர் அவருடைய சட்டையைத் துவைக்காமல் மடியில் வைத்துக்கொண்டு நகர மறுக்கிறார்கள். தன்னில் பாதி செத்துவிட்டதாகவும் இனி வாழ்வதற்கு அர்த்தமே இல்லை என்றும் தோன்றுகிறது. மேலோட்டமாகப் பார்த்தால் மனச்சோர்வு போலத் தெரியும். ஆனால் மனச்சோர்வு எல்லாவற்றின் மீதும் ஒரேமாதிரிக் கவிகிறது. இந்தத் தவிப்பு ஓர் ஆளைச் சுற்றியே சுழல்கிறது. உடம்பும் தப்புவதில்லை. பிரிட்டனில் மனைவியை இழந்த 55 வயதுக்கு மேற்பட்ட 4,486 ஆண்களைக் கவனித்து 1969இல் வெளியான ஓர் ஆய்வு, முதல் ஆறு மாதங்களில் அவர்களிடையே சாவு எதிர்பார்க்கும் அளவைவிட 40 சதவீதம் அதிகமாக இருந்ததைக் காட்டியது. கிழவி போன மூன்றாம் மாதமே கிழவரும் போய்விட்டார் என்று ஊரில் சொல்வதில் உண்மை இருக்கிறது.

2022 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த உலக சுகாதார நிறுவனத்தின் நோய் வகைப்பாட்டில் இந்த நிலை ‘நீடித்த துக்கக் கோளாறு’ என்று இடம்பெற்றது. அதே ஆண்டு மார்ச்சில் அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் கையேடும் சேர்த்துக்கொண்டது. முதலாவது குறைந்தது ஆறு மாதம் என்கிறது. இரண்டாவது பெரியவர்களுக்கு ஓராண்டு என்கிறது. அப்போதே எதிர்ப்பு கிளம்பியது. அன்பின் மறுபக்கம்தான் துக்கம், அதற்கு நோய்ப்பெயர் வைத்து மாத்திரை விற்கப் பார்க்கிறார்கள் என்றார்கள். நியாயமில்லாத அச்சம் என்று இதை ஒதுக்கிவிட முடியாது. மருந்துக் கம்பெனிகளின் பழைய கதை தெரிந்தவர்கள் அப்படித்தான் யோசிப்பார்கள். ஆனால் அந்த வரையறையை முழுதாகப் படித்தால், ஆறு மாதம் தாண்டி அழுகிறவரெல்லாம் அதற்குள் வரமாட்டார் என்பது தெரியும். தவிப்பு அன்றாட வாழ்வை முடக்க வேண்டும். அந்த ஆளின் சமூகம், பண்பாடு, மதம் ஆகியவற்றில் வழக்கமான அளவைத் தெளிவாக மீறியிருக்க வேண்டும். வருஷத் திதி வரை கோயில் விசேஷத்துக்குப் போகாத வீட்டை யாரும் நோயாளி வீடு என்று சொல்லப்போவதில்லை. மாத்திரை விற்கும் சதி என்ற வாதத்தைக் கலைப்பதும் சிகிச்சை பற்றிய ஆய்வுகள்தான்.

கொலம்பியா பல்கலைக்கழகத்தின் மனநல மருத்துவர் கேத்தரின் ஷியர் உருவாக்கிய முறை, இதுவரை மிகக் கறாராகச் சோதிக்கப்பட்டவற்றுள் ஒன்று. பதினாறு அமர்வுகள், பெரும்பாலும் வாரம் ஒன்று. எண் நம் பதினாறோடு பொருந்துவது தற்செயல்தான். முதலில் இறந்தவர் யார், அவரோடு வாழ்ந்தது எப்படி என்று கேட்கிறார்கள். எந்தப் பொழுதில் தவிப்பு கூடியது, எப்போது குறைந்தது என்று தினமும் குறித்து வரச் சொல்கிறார்கள். எப்போதும் ஒரேபோலத்தான் இருக்கிறது என்று சொல்பவரே அது ஏறி இறங்குவதைத் தன் கையெழுத்தில் பார்க்கிறார். நான்காவது அமர்வுவாக்கில் கடினமான பகுதி தொடங்குகிறது. கண்ணை மூடிக்கொண்டு, சாவுச் செய்தி எட்டிய அந்தத் தருணத்தை, இப்போது நடப்பதுபோலச் சொல்ல வேண்டும். அதைப் பதிவுசெய்து கையில் கொடுத்து, வீட்டில் தினமும் கேட்கச் சொல்கிறார்கள். கேட்பதோடு விடுவதில்லை, கேட்டு முடித்ததும் அந்த ஒலிநாடாவையும் நினைவையும் எடுத்துவைத்துவிட்டு மனத்துக்கு இதமான ஒன்றைச் செய்ய வேண்டும், காபி போட்டுக் குடிப்பதோ தங்கைக்கு போன் செய்வதோ எதுவானாலும் சரி. பல நாள் கேட்டபின், நெருங்கவே முடியாமல் இருந்த நினைவு, வலிக்கிற ஆனால் தாங்க முடிகிற நினைவாகிறது. இதோடு, ஒதுக்கிவைத்த அறைக்கும் சாலைக்கும் கொஞ்சம் கொஞ்சமாகப் போய்வரப் பழக்குகிறார்கள். பிற்பகுதியில் இறந்தவரோடு பேசவைக்கிறார்கள்: கேட்க நினைத்ததைக் கேட்டு, அவர் என்ன பதில் சொல்வார் என்பதையும் தானே சொல்ல வேண்டும். மன்னிப்புக் கேட்காமல் விட்டவர்களுக்கு இது பெரிய கதவைத் திறக்கிறது. இத்தனைக்கும் இணையாக முதலில் இருந்தே இன்னொரு கேள்வியும் ஓடுகிறது: இந்தத் தவிப்பு இல்லாவிட்டால் நீங்கள் உங்களுக்காக என்ன செய்ய ஆசைப்படுவீர்கள்?

பலன் என்ன? 95 பேரிடம் நடத்தி 2005இல் வெளியான ஆய்வில், இந்த முறையில் 51 சதவீதத்தினர் தேறினார்கள். மனச்சோர்வுக்கு வழக்கமாகத் தரும் ஒரு பேச்சுச் சிகிச்சையில் 28 சதவீதம். ஐம்பது வயதைக் கடந்த 151 பேரிடம் 2014இல் செய்து பார்த்தபோது இடைவெளி இன்னும் விரிந்தது: 70 சதவீதத்துக்கு 32. மாத்திரை பற்றிய ஆய்வு 2016இல் வந்தது, 395 பேர். சிட்டலோபிராம் என்ற மனச்சோர்வு மருந்தைச் சேர்த்துக் கொடுத்தாலும், வெறும் போலி மாத்திரையைச் சேர்த்துக் கொடுத்தாலும், துக்கச் சிகிச்சை பெற்றவர்களில் பத்தில் எட்டுப் பேருக்கு மேல் தேறினார்கள். கூடவே இருந்த மனச்சோர்வைக் குறைக்க மருந்து உதவியது. துக்கத்தைத் தணிக்க அது எதையும் கூட்டவில்லை. ஆகவே சில கிளினிக்குகளில் நடப்பதுபோல, ஐந்து நிமிஷம் கேட்டுவிட்டுத் தூக்க மாத்திரையும் மனச்சோர்வு மாத்திரையும் எழுதி அனுப்புவதைத் துக்கத்துக்கான சிகிச்சை என்று ஏற்க முடியாது. எல்லாரும் தேறவில்லை என்பதும் இந்த எண்களிலேயே இருக்கிறது. இந்த ஆய்வுகள் அமெரிக்காவில் நடந்தவை என்பதையும் மறக்கக் கூடாது. கூட்டுக்குடும்பத்தில், பேசுவதற்குத் தனியறை கூட இல்லாத வீட்டில் வாழும் பெண்ணுக்கு, பதிவைத் தினமும் கேள் என்று சொல்வது எப்படி நடக்கும் என்பதை நம் ஊர் சிகிச்சையாளர்கள்தான் யோசித்து மாற்றியமைக்க வேண்டும்.

ஆறின புண்ணைக் கிளறுவானேன் என்று கேட்பார்கள். ஆறிய புண்ணைக் கிளறத்தான் கூடாது. எந்த அறிகுறியும் இல்லாதவர்களையும் பிடித்து உட்காரவைத்துத் தந்த துக்க ஆலோசனைகளைத் தொகுத்துப் பார்த்த ஒரு 2008 ஆய்வில், கொஞ்ச காலம் கழித்து அவர்களுக்கும் மற்றவர்களுக்கும் வேறுபாடே இல்லை. துக்கம் முற்றியவர்களுக்குத் தந்தபோதுதான் பயன் தெரிந்தது. விபரீதம் நடந்த ஓரிரு நாளிலேயே ஒரே அமர்வில் எல்லாவற்றையும் கொட்டச் சொல்லும் முறை இன்னும் மோசம். அது பின்விளைவைத் தடுப்பதில்லை, சிலருக்குத் தீங்கும் செய்கிறது என்று ஆய்வுகள் காட்டியபின் உலக சுகாதார நிறுவனமே அதைக் கைவிடச் சொன்னது. 2004 சுனாமிக்குப் பிறகு இலங்கைக் கரையில், மொழி தெரியாமலேயே கவுன்சலிங் செய்ய வந்திறங்கிய வெளிநாட்டுக் குழுக்களைப் பற்றி அன்றே கடும் விமர்சனம் எழுந்தது. முதல் வாரத்தில் துக்கப்படுபவருக்கு வேண்டியது சோறு, தூக்கம், பக்கத்தில் ஓர் ஆள். தெரபியின் நேரம் அது அல்ல.

தெரபியால் முடியாத இடமும் உண்டு. இலங்கையில் போர்க்காலத்தில் காணாமல் ஆக்கப்பட்டவர்களின் தாய்மார் 2017 பிப்ரவரியில் கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் தொடங்கிய தொடர் போராட்டத்தைப் பலரும் அறிவார்கள். பிள்ளையின் படத்துக்கு மாலை போடுவதா, அவனுக்கு இன்றைக்கும் சோறு எடுத்துவைப்பதா என்று தீர்மானிக்க முடியாத துயரம் அது. வியட்நாம் போரில் காணாமல் போன விமானிகளின் குடும்பங்களை 1970களில் ஆராய்ந்த அமெரிக்க உளவியலாளர் பாலின் பாஸ், இப்படித் தெளிவற்று நிற்கும் இழப்பைத் தனி வகையாகப் பிரித்தார். முடிவைத் தேடி அந்தக் குடும்பத்தை நெருக்கக் கூடாது, “அவன் இல்லாமலும் இருக்கலாம், எங்கோ இருக்கவும் இருக்கலாம்” என்ற இரண்டையும் ஒரே நேரத்தில் சுமந்து வாழத்தான் உதவ வேண்டும் என்பது அவர் நிலைப்பாடு. இறந்தார் என்று எழுதாமல் காணவில்லை என்று மட்டும் எழுதித் தரும் சான்றிதழுக்கு இலங்கை 2016இல் சட்டம் செய்தது. பென்ஷனுக்கும் சொத்துக்கும் அது பயன்படும். என்ன நடந்தது என்ற கேள்விக்கு அது பதிலாகாது. உளவளத்துணை கொடுத்துவிட்டோம், இனி வீட்டுக்குப் போங்கள் என்று ஓர் அரசு சொல்லுமானால், அந்தத் தாய்மார் அதை மறுப்பது முழுக்க நியாயம்.

யார் பார்ப்பது, எவ்வளவு ஆகும் என்பதுதான் மிச்சமிருக்கும் வலுவான ஆட்சேபம். இந்தியாவில் லட்சம் பேருக்கு ஒரு மனநல மருத்துவர்கூட இல்லை. தனியார் சிகிச்சையாளரிடம் வாரம் ஒருமுறை பதினாறு வாரம் போக ஆகும் பணம் தினக்கூலிக்காரருக்கு எட்டாது. இதற்கு ஓரளவு விடை சென்னையிலேயே இருக்கிறது. லட்சுமி விஜயகுமார் 1986இல் தொடங்கிய ‘சிநேகா’ தற்கொலைத் தடுப்பு அமைப்பு, சுனாமியில் உறவினரை இழந்தவர்களுக்குப் பயிற்சி பெற்ற தன்னார்வலர்களைக் கொண்டு துணைநிற்கும் திட்டத்தை நடத்தியது. அப்படித் துணை கிடைத்தவர்களுக்கு, கிடைக்காதவர்களைவிட மனச்சோர்வும் மன உளைச்சலும் குறைந்திருந்ததாக 2008இல் வெளியான மதிப்பீடு காட்டியது. பட்டம் பெற்ற நிபுணர் எல்லாருக்கும் தேவையில்லை. பயிற்சியும் பொறுமையும் மேற்பார்வையும் உள்ளவர் போதும், முற்றியவரை மட்டும் நிபுணரிடம் அனுப்பலாம். கிராம சுகாதாரச் செவிலியருக்கும் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ ஊழியருக்கும் சர்க்கரை, ரத்தக்கொதிப்போடு துக்கம் பற்றியும் ஒரு கேள்வி கேட்கப் பழக்குவது அரசுக்குப் பெரிய செலவில்லை.

உங்கள் சுற்றத்தில் ஒரு சாவு நடந்து ஆறு மாதம், ஓராண்டு ஆகியிருந்தால் அந்த வீட்டுக்கு இன்னொரு முறை போய்வாருங்கள். இறந்தவரின் பெயரைச் சொல்லிப் பேசுங்கள். பெயரைத் தவிர்ப்பதால் யாருக்கும் வலி குறைவதில்லை. தூக்கம் எப்படி, வெளியே போகிறாரா, எதிலாவது மனம் ஒட்டுகிறதா என்று கவனியுங்கள். செத்துவிடலாம் என்று தோன்றுகிறதா என்று நேராகவே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைத்துவிடாது. ஆம் என்றால் அவரைத் தனியே விட்டுவிட்டு வராதீர்கள். மத்திய அரசின் டெலி-மானஸ் எண் 14416. இரவும் பகலும், தமிழிலும், கட்டணமின்றிப் பேசலாம். இலங்கையில் தேசிய மனநல நிறுவனத்தின் எண் 1926. சிகிச்சையாளர் ஒருவரைத் தேடிப் போனால், துக்கத்துக்கென்று தனிப் பயிற்சி பெற்றிருக்கிறீர்களா என்று முதலிலேயே கேட்டுவிடுங்கள். கேட்க உங்களுக்கு உரிமை இருக்கிறது.